அஞ்சடி தூரத்துக்கு ஒரு பழைய கேமரா

பொங்கல் கழிஞ்ச வாரம் ஒரு சாயங்காலம், அம்மா பின்கட்டுல விறகடுப்பு பக்கத்துல உக்காந்து கேவுரு களி கிண்டிட்டு இருந்துச்சு. குண்டானை அடுப்புல இருந்து இறக்கி, ரெண்டு காலுக்கும் நடுவுல பழந்துணியோட அண்டக்குடுத்து, துடுப்ப ரெண்டு கையாலயும் புடிச்சு, ஒடம்பு மொத்தமும் முன்னாடி போயி பின்னாடி வர மாதிரி ஒரு கிண்டு. ஆவி எழும்பி மூஞ்சிய மறைக்கும், விலகும், மறுபடி மறைக்கும். நான் வாசப்படியில உக்காந்து அதையே பாத்துட்டு இருந்தேன், போன எடுத்து ஒரு போட்டோ எடுத்தேன். ராத்திரி சாப்பிட்டு முடிச்சப்புறம் அம்மாகிட்ட காமிச்சேன். கொஞ்ச நேரம் உத்துப் பாத்துட்டு, "இது யாரு வூட்டு அடுப்படிடி?"ன்னு கேட்டுச்சு.

நெஜமாவே அடையாளம் தெரியாம தான் கேட்டுச்சு. நானும் திரும்பப் பாத்தேன். முப்பது வருஷமா புகை ஏறி கரி மாதிரி ஆன செவுரு, போட்டோவுல வெள்ளையடிச்சு ரெண்டு வருஷம் ஆன செவுரு மாதிரி சாம்பலா இருந்துச்சு. ஆவி இல்ல. அம்மா நெத்தியில இருக்கற மூணு கோடும் இல்ல, கன்னம் வழவழன்னு இருக்கு. இருட்டா இருந்தா போன் அதுவா நாலஞ்சு படத்தை எடுத்து ஒண்ணா சேத்து வெளிச்சமாக்கி குடுக்குதுன்னு எல்லாருக்கும் தெரியும், நல்லதுக்கு தான் பண்ணுது, ஆனா எங்க பின்கட்டு இருட்டு தான். அந்த இருட்டுல அடுப்பு வெளிச்சம் ஒரு பக்கம் மட்டும் விழுந்து அம்மா மூஞ்சி பாதி தெரியறது தான் நான் சின்ன வயசுல இருந்து பாத்த அம்மா. அந்த கேள்வி என்ன விடவே இல்ல. மண்டியில கணக்கு எழுதிட்டு இருக்கும்போதும் "யாரு வூட்டு அடுப்படி"ன்னு காதுல கேட்டுட்டே இருந்துச்சு.

அப்படி தான் பழைய கேமரா ஒண்ணு வாங்கலாம்னு ஆரம்பிச்சேன். புதுசு வாங்கற அளவுக்கு கையில காசு இல்ல. அதுவுமில்லாம வீட்டுல களி கிண்டறதையும், அப்பா தோப்புல நிக்கறதையும், தம்பி பொண்ணு வாசல்ல மண்ணு அள்ளறதையும் எடுக்கறதுக்கு புதுசு எதுக்கு?

ஆளுக்கு ஒரு யோசனை

கேமரா வாங்கப் போறேன்னு ஒருத்தர்கிட்ட சொன்னா போதும், பத்து பேரு வந்துடுவாங்க. எங்க மண்டி ஆபீஸ்ல ஒரு பையன் நிக்கான் டி40 தான் வாங்கணும்னு நின்னான். 2006ல வந்தது, ஆறு மெகாபிக்சல், உள்ள வெளிச்சத்தை படமாக்கற சென்சார் சிசிடிங்கற பழைய வகை, அந்த கலர் இப்போ எதுலயும் வராதுன்னு சொன்னான். ஆறு மெகாபிக்சல் கம்மின்னு நான் நினைக்கல, 3008க்கு 2000 புள்ளி, பத்துக்கு ஆறரை இஞ்சு பிரிண்டு நல்லாவே போடலாம். ஆனா சிசிடி கலர்னு இப்போ எல்லாரும் பேசறதுல எனக்கு நம்பிக்கை வரல. கலர் எப்படி வருதுங்கறதுல கேமரா கம்பெனி அந்த காலத்துல படத்தை எப்படி சமைச்சு குடுத்தாங்கங்கறதுக்கு தான் பெரிய பங்கு இருக்குன்னு நினைக்கறேன், சென்சார் பேரை மட்டும் பாத்து காசு கூட குடுக்கறது தேவையில்ல. எங்க பின்கட்டு இருட்டுக்கு அந்த வயசு சென்சார், இருட்டுல படத்தை வெளிச்சமாக்கற ஐஎஸ்ஓ எண்ணை ஏத்தினா தாங்காதுன்னும் ஒரு பயம்.

பெங்களூர்ல வேலை செய்யற பெரியம்மா பையன் ஒரே பிடியா ஃபுல் ஃபிரேம், அதாவது பழைய ஃபிலிம் அளவுக்கு பெரிய சென்சார் இருக்கறது, வாங்குன்னான். கேனான் 5டி, 2005ல வந்தது, இல்லன்னா நிக்கான் டி700, 2008. "பழசானாலும் யானை யானை தான்"னான். ஒரு தடவை ஊருக்கு வந்தப்போ அவனோட டி700 குடுத்துட்டு போனான், ஒரு வாரம் வச்சிருந்தேன். படம் அருமை, அதுல எனக்கு ரெண்டு பேச்சே இல்ல. ஆனா லென்ஸ் இல்லாமயே ஒரு கிலோ கிட்ட கனம். காவேரிப்பட்டணத்துல இருந்து கிருஷ்ணகிரிக்கு டவுன் பஸ்ல நின்னுட்டே போறவ நான், தோள்பையில டிபன் பாக்ஸு, தண்ணி பாட்டில், கணக்கு நோட்டு. ஏழு நாள்ல ரெண்டு நாள் தான் அதை வெளிய எடுத்துட்டு போனேன். வீட்டுலயே இருக்கற கேமராவால அன்னாடம் படம் எடுக்க முடியாது, அந்த கணக்கு எனக்கு உடனே புரிஞ்சுடுச்சு.

கடைசியில நிக்கான் டி3100. 2010ல வந்தது, 14 மெகாபிக்சல், பாடி, அதாவது லென்ஸ் இல்லாத கேமரா மட்டும், அரைக் கிலோவுக்கும் கம்மி, பேட்டரியும் கார்டும் இன்னும் சுலபமா கிடைக்குது. ஓசூர்ல ஒரு பையன் விக்கறான்னு தம்பி கண்டுபுடிச்சு சொன்னான். கேமராவோட சேந்தே வர கிட் லென்ஸை முன்னாடியே வித்துட்டானாம், பாடியும் 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸும் சேத்து பன்னண்டாயிரத்தி ஐநூறுன்னான். எஃப் எண்ணுங்கறது லென்ஸ் ஓட்டை எவ்வளவு தொறக்கும்ங்கறது, எண் கம்மியானா வெளிச்சம் கூட வரும்.

ஓசூர் டீக்கடையில

ஒரு ஞாயித்துக்கிழமை நானும் தம்பியும் பஸ் ஏறி போனோம், கிருஷ்ணகிரியில இருந்தே அம்பது கிலோமீட்டர், சூளகிரி தாண்டற வரைக்கும் தம்பி எனக்கு என்னென்ன பாக்கணும்னு ஒப்பிச்சுட்டே வந்தான். பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு டீக்கடையில வச்சு பாத்தோம். லென்ஸை கழட்டி, போன் டார்ச்சை ஒரு பக்கம் அடிச்சு இன்னொரு பக்கம் கண்ணை வச்சு பாக்கணும், பூஞ்சை புடிச்சிருந்தா சிலந்தி வலை நூல் மாதிரி மெல்லிசா தெரியும். இல்ல. தூசி மட்டும் நாலஞ்சு, தூசி படத்துல வராது, அதுக்காக ஒரு நல்ல லென்ஸை வேணாம்னு சொல்லக்கூடாது. அப்புறம் எஃப் 22ல வெறும் வானத்தை எடுத்து பெருசு பண்ணி பாத்தோம், சென்சார்ல அழுக்கு இருந்தா கருப்பு கருப்பா புள்ளி விழும். மூடி போட்டபடியே ஒரு படம் எடுத்து வெள்ளைப் புள்ளி, செவப்புப் புள்ளி இருக்கான்னு பாத்தோம். தம்பி லேப்டாப்புல கார்டை போட்டு எத்தனை தடவை ஷட்டர் விழுந்திருக்குன்னு பாத்தான், நிக்கான் ஜேபெக்ல அந்த எண்ணிக்கை உள்ளயே எழுதியிருக்கும், இருவத்தி மூவாயிரம் சொச்சம். பதினஞ்சு வயசு கிட்ட ஆன கேமராவுக்கு அது கம்மி தான். கைப்பிடி ரப்பர் உப்பல, பேட்டரி உப்பல, பேட்டரி கதவு கிளிக்குனு சாத்துது. காசு குடுத்துட்டு வந்துட்டோம்.

ஒண்ணே ஒண்ணு பாக்கல. வானத்தையும் எதிர்த்த பில்டிங்கையும் தான் எடுத்துப் பாத்தேன், லென்ஸ் ரிங்கு தூரத்துக்கு திருப்பி வச்சிருந்ததால எல்லாம் தெளிவா வந்துச்சு. கிட்டத்துல ஒரு டீ கிளாஸை எடுத்துப் பாத்திருந்தா அங்கயே தெரிஞ்சிருக்கும். வீட்டுக்கு வந்து தம்பி பொண்ணு மூஞ்சிய எடுக்கலாம்னு பட்டனை பாதி அழுத்தறேன், லென்ஸு அசையவே இல்ல. டி3100 உள்ள போகஸ் மோட்டார் கிடையாது. லென்ஸ் மேல ஏஎஃப்னு, அதாவது ஆட்டோ போகஸ்னு, எழுதியிருக்கு, ஆனா அந்த 1.8டி லென்ஸு உள்ளயும் மோட்டார் கிடையாது, பாடியில இருக்கற மோட்டார் ஒரு ஸ்குரூ மாதிரி வெளிய வந்து அதை திருப்பணும். டி90, டி7000 மாதிரி பாடியில அது இருக்கு, டி40, டி3100, டி5100ல இல்ல. நிக்கான் லென்ஸுல ஏஎஃப்-எஸ்னு எழுதினது இதுல தானா போகஸ் ஆகும். வித்தவனுக்கு இது தெரியாம இருக்க வாய்ப்பே இல்லன்னு இன்னைக்கும் நினைக்கறேன், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மறுநாள் இன்னொண்ணு. துடைக்கும்போது லென்ஸ் பின்பக்கம் இருக்கற, எஃப் எண்ணை மாத்தற அபெர்ச்சர் ரிங்கு திரும்பிடுச்சு போல, கேமரா எஃப்இஇன்னு மூணெழுத்து காட்டிட்டு பட்டனே அழுத்த விடல. செத்துப்போச்சுன்னே நினைச்சேன். கிருஷ்ணகிரியில அந்த காலத்துல இருந்து ஸ்டுடியோ வச்சிருக்கற ஒரு அண்ணன்கிட்ட கொண்டு போனேன். வாங்கிப் பாத்தாரு, ஒண்ணுமே பேசல, ரிங்கை 22க்கு திருப்பி, பக்கத்துல ஒரு குட்டி பூட்டு இருக்கு, நகத்தால அதை தள்ளி பூட்டினாரு. "இத தொடாத பாப்பா, அபெர்ச்சரை இனிமே கேமராவே பாத்துக்கும். போகஸ நீ கையால பண்ணு. உள்ள பாரு, கீழ இடது பக்கம் பச்சை புள்ளி ஒண்ணு இருக்கும், அது நின்னு எரிஞ்சா போகஸ் விழுந்துடுச்சுன்னு அர்த்தம்"னாரு. காசு வாங்கல.

அந்த பச்சை புள்ளிய வச்சு ஒரு மாசம் ஓட்டினேன். முதல் வாரம் பத்துல எட்டு படம் மங்கலா வரும், அப்புறம் பத்துல நாலு. மோதிர விரலும் கட்டை விரலும் தானா ரிங்கை தேடி போக ஆரம்பிச்சுது. அதுல ஒரு சந்தோஷம் இருந்துச்சு, மறுக்க மாட்டேன்.

செவுத்துல முதுகு முட்டுன அன்னைக்கு

மாசி கடைசியில ஒரு சாயங்காலம், மறுபடி களி. அன்னைக்காக தான் கேமராவே வாங்கினேன். ஐஎஸ்ஓ 1600 வச்சேன், எஃப் 2. பின்கட்டுல பழைய சோக்கு போட்ட டியூப்லைட்டு. நம்ம கரண்டு அம்பது ஹெர்ட்ஸு, அதனால அந்த லைட்டு செகண்டுக்கு நூறு தடவை மங்கி மங்கி எரியுது, கண்ணுக்கு தெரியாது. ஷட்டரை வேகமா வச்சா ஒரு படம் பளிச்சுன்னும் அடுத்தது பழுப்பாவும் வரும். செகண்டுல 1/50, இல்லன்னா 1/100ல வச்சா ஒரே மாதிரி வருது. ரெண்டு நாள் வீணாக்கி இதை தெரிஞ்சுக்கிட்டேன். 1/50 வச்சுட்டு அப்புறம் லைட்டையே அணைச்சுட்டேன், ஐஎஸ்ஓ 3200க்கு ஏத்தினேன், அடுப்பு வெளிச்சம் போதும்னு.

கண்ணை வச்சு பாத்தா அம்மா மூஞ்சி மட்டும் தான் இருக்கு. குண்டான் இல்ல. கேமராவை நெட்டுக்கு நிமித்தி வச்சேன், கீழ இறக்கினா துடுப்பும் கையும் வருது, மூஞ்சி போயிடுது. பின்னாடி நகந்தேன். வாசப்படி. இன்னும் நகந்தேன், முதுகு அரிசி டிரம்முல முட்டுச்சு, டிரம்முக்கு பின்னாடி செவுரு. அதுக்கு மேல போக எடமில்ல. கொல்லைக் கதவை தொறந்து வெளிய எறங்கி நின்னு பாத்தா, எடம் இருக்கு, ஆனா கதவு நிலை குறுக்க வந்துடுது, அம்மா தூரத்துல யாரோ மாதிரி தெரியுது. அதுக்குள்ள களி உருண்டை புடிக்கற நேரமே வந்துடுச்சு. அம்மா தட்டுல தண்ணி தொட்டு உருண்டை புடிச்சுட்டே, "ஏன்டி கொல்லையில போயி நிக்கற, பூச்சி பொட்டு இருக்கும், எப்பவும் உக்கார்ற எடத்துல உக்காரு"ன்னுச்சு.

எப்பவும் உக்கார்ற எடம்.

அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல. இத்தனை மாசமா சென்சார், மெகாபிக்சல், சிசிடி, ஃபுல் ஃபிரேம்னு எல்லாத்தையும் பாத்தேன், விலைய பாத்தேன், கனத்தை பாத்தேன், நான் எங்க உக்காருவேன்னு மட்டும் பாக்கல. காலையில எந்திரிச்சு அப்பாவோட இஞ்சு டேப்பை எடுத்து அளந்தேன். வாசப்படியில நான் உக்கார்ற எடத்துல இருந்து அம்மா உக்கார்ற பலகை வரைக்கும் அஞ்சடி. ஹால்ல தம்பி பொண்ணு விளையாடற எடத்துக்கும் சோபாவுக்கும் ஆறடி. சாப்பிடும்போது எதிர்ல இருக்கறவங்களுக்கும் எனக்கும் மூணரை அடி. என் வீட்டுக்குள்ள என் ஆளுங்ககிட்ட நான் இருக்கற தூரம் மொத்தமே மூணுல இருந்து ஆறடிக்குள்ள தான்.

கணக்கு எழுதறவளுக்கு அப்புறம் சும்மா இருக்க முடியுமா. டி3100 சென்சார் அகலம் 23 மில்லிமீட்டர், ஒசரம் 15. கேமராவை நெட்டுக்கு நிமித்தி புடிச்சா அந்த 23 தான் படத்தோட ஒசரம். 50 லென்ஸுக்கு 23ங்கறது பாதியை விட கொஞ்சம் கம்மி. அப்போ எவ்வளவு தூரத்துல நிக்கறோமோ அதுல பாதிக்கும் கம்மியான நீளம் தான் படத்துல அடங்கும். அஞ்சடிக்கு ரெண்டேகால் அடி சொச்சம். உக்காந்திருக்கற அம்மாவும் குண்டானும் சேந்தா மூணடி. எத்தனை தடவை நகந்தாலும் அந்த ரூமுக்குள்ள அது அடங்காது. 35 லென்ஸுன்னா 23ங்கறது மூணுல ரெண்டு பங்கு. அஞ்சடிக்கு மூணே கால் அடி. அம்மா அடங்கிடும், குண்டான் அடங்கிடும், அகலத்துல ரெண்டடி, அடுப்பு ஓரமும் கொஞ்சம் வரும். போன் கேமரா நின்ன தூரத்தை விட அகலமா பாக்குது, அதனால தான் பின்கட்டு மொத்தமும் வந்து அம்மா ஒரு மூலையில சின்னதா, துடுப்பு புடிச்ச கை மட்டும் பெருசா தெரிஞ்சுது.

பெரியம்மா பையனோட ஃபுல் ஃபிரேமுல இந்த 50 லென்ஸே நல்லா அடங்கியிருக்கும்னு அப்போ தான் தெரிஞ்சுது, அந்த சென்சார் அகலம் 36, 50க்கு அது முக்காலுக்கு கிட்ட. அவன் சொன்னதுல ஞாயம் இருந்துச்சு. ஆனா ஒரு கிலோ கேமரா வாங்கறதுக்கு பதிலா 200 கிராம் லென்ஸ் ஒண்ணு வாங்கிக்கலாமே.

அதனால இப்போ யாராவது என்கிட்ட பழைய கேமரா எது வாங்கலாம்னு கேட்டா, முதல்ல டேப்பை எடுத்து வீட்டை அளங்கன்னு சொல்றேன். ரெண்டு பேரு ஒரு மாதிரி பாத்தாங்க, பரவால்ல. கல்யாணம் காட்சி, கோயில் திருவிழா எடுக்கறவங்களுக்கு இது வேற கணக்கு. ஆனா வீட்டையும் வீட்டு மனுஷங்களையும் எடுக்கணும்னா, அவங்ககிட்ட இருந்து நீங்க எவ்வளவு தள்ளி இருக்கீங்களோ அந்த தூரத்துக்கு ஒத்து வர லென்ஸை முதல்ல முடிவு பண்ணிட்டு, அது தானா போகஸ் ஆகற பாடி எது கம்மியா கிடைக்குதோ அதை அப்புறம் தேடுங்க. நான் தலைகீழா போனேன், அதுக்கு எனக்கு ஒரு மாசமும் கொஞ்சம் காசும் ஆச்சு.

35 எம்எம் எஃப் 1.8ஜி, 2009ல வந்த லென்ஸு, உள்ளயே மோட்டார் இருக்கு. தர்மபுரியில ஒருத்தர்கிட்ட ஏழாயிரத்துக்கு கிடைச்சுது. இந்த தடவை டீ கிளாஸை தான் முதல்ல எடுத்துப் பாத்தேன், விர்ருனு மெல்லிசா ஒரு சத்தம், கிளாஸ் விளிம்புல ஒட்டியிருந்த ஆடை வரைக்கும் தெரிஞ்சுது. பங்குனியில வாசப்படியில உக்காந்தபடியே களிய எடுத்தேன். செவுரு கரியா இருக்கு. ஆவி இருக்கு, ஆவிக்கு பின்னாடி ஒரு கண்ணும் பாதி நெத்தியும். கிருஷ்ணகிரி அண்ணன்கிட்ட குடுத்து ஆறுக்கு எட்டு பிரிண்டு போட்டு அம்மாகிட்ட குடுத்தேன். ரொம்ப நேரம் பாத்துட்டு, "அந்த குண்டான் விளிம்பு நசுங்கினது கூட விழுந்திருக்கு பாரு, உங்கப்பா கீழ போட்டது"ன்னுச்சு. அரிசி டிரம்முக்கு மேல காலண்டர் ஆணியில சொருகி வச்சிருக்கு.

50

50 லென்ஸை வித்துடலாம்னு தான் இருந்தேன். தம்பி வாங்கறதுக்கு ஆளும் பாத்துட்டான். அதுக்குள்ள மாங்கா சீசன் வந்துடுச்சு.

எங்க அப்பா வீட்டுக்குள்ள இருக்கறதே கம்மி. சாப்பிட வருவாரு, தூங்க வருவாரு, மத்த நேரம் தோப்பு. பேசணும்னா தோப்புக்கு தான் போகணும், அங்கயும் பக்கத்துல வந்து நின்னு பேச மாட்டாரு. நான் வரப்பு மேல நிப்பேன், அவரு மரத்தடியில நிப்பாரு, காய பாத்துட்டே தான் பேசுவாரு. சின்ன வயசுல இருந்து அப்படித்தான். கோவமெல்லாம் கிடையாது, அவரு இருக்கறதே அப்படி. அவரோட போட்டோன்னு பாத்தா எங்ககிட்ட ரேஷன் கார்டுக்கு எடுத்தது, என் அத்தை கல்யாணத்துல கூட்டத்தோட நிக்கறது, அவ்வளவு தான். போன எடுத்தாலே "அட அத வைம்மா"ன்னு திரும்பிடுவாரு.

சித்திரை நடுவுல ஒரு காலையில, கூழ் ஆலைக்கு போற பெங்களூரா காய் என்ன விலைக்கு கேக்கறாங்கன்னு சொல்றதுக்காக தோப்புக்கு போனேன். 35 லென்ஸு தான் மாட்டியிருந்துச்சு. வரப்புல இருந்து பாத்தா அப்பா மரங்களுக்கு நடுவுல சின்னதா தெரிஞ்சாரு. கிட்ட போகலாம், போனா திரும்பிடுவாரு. எவ்வளவு தூரம் இருக்கும்னு மனசுலயே அடி போட்டேன், பன்னண்டு. பன்னண்டுல பாதிக்கு கொஞ்சம் கம்மி, அஞ்சரை. அப்பா ஒசரம் அஞ்சடி நாலு இஞ்சு.

மறுநாள் 50 மாட்டிட்டு போனேன். கேமராவை நிமித்தி புடிச்சேன். அப்பா ஒரு கையால தாழ்ந்த கிளைய தாங்கிட்டு, இன்னொரு கையால காம்பு பக்கம் அழுத்திப் பாத்துட்டு இருந்தாரு, தலைப்பா தலையில, காலுக்கு கீழ ஈர மண்ணு. தலையில இருந்து கால் வரைக்கும் அடங்கிட்டாரு, மேலயும் கீழயும் ஒரு விரக்கடை மிச்சம் இல்ல. மோட்டார் இல்லாத லென்ஸு, சத்தமே இல்ல. ரிங்கை மெதுவா திருப்பினேன், பச்சை புள்ளி வந்துச்சு, போச்சு, வந்து நின்னுச்சு. அழுத்தினேன். அந்த கிளிக்கு சத்தத்துக்கு மட்டும் இந்த பக்கம் பாத்தாரு.

"எடுத்துட்டியா?"ன்னாரு.

"எடுத்துட்டேன்பா."

"காய் இன்னும் பத்து நாள் போகணும்னு சொல்லிடு மண்டியில"ன்னு சொல்லிட்டு மோட்டார் ரூம் பக்கம் நடந்தாரு. தம்பிக்கு போன் பண்ணி, 50 விக்கறதுக்கு இல்லன்னு சொன்னேன்.